முப்பது எழுத்துக்குள்

பிராஸ் பாசா பக்கம், ஹோட்டல் எழும்பப்போகும் இடத்தில்
எங்களுக்குக் கொடுத்தது பதினோரு நாள்.
இன்று ஒன்பது.
நான் கழுவும் பிரிவு:
மூன்று வாளி, பழைய பல்துலக்கிகள் ஒரு கட்டு,
காயவைக்க நாளிதழ் விரித்த மேசை.
துலக்கத் துலக்கச் செங்கல் வந்துகொண்டே இருக்கிறது.
வாளித் தண்ணீர் மீன்குழம்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

"மூன்று மாதிரி போதும்" என்றாள் ஹுவேய் ஷான்,
குழி விளிம்பில் குந்தி, நோட்டிலிருந்து தலை எடுக்காமல்.
"மற்றதை லாரியில் ஏற்று. கிடங்கில் இடமில்லை."
அவள் கெட்டவள் இல்லை. கிடங்கில் இடமில்லைதான்.

நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ,
அந்தக் கல்லின் பக்கவாட்டில் மூன்று குழிகள்.
ஈரம் காயுமுன் அச்சிலிருந்து
யாரோ அவசரமாகத் தூக்கியிருக்கிறான்.
கையுறையைக் கழற்றி விரல் வைத்தேன்.
ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் உட்கார்ந்தன.
சுண்டு விரலுக்கு அங்கே பள்ளமில்லை.
மடக்கிக்கொண்டானோ,
அவனுக்கு அது இல்லவே இல்லையோ.

சூளை போட்டவர்கள் கைதிகள்,
மதராஸிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள்.
சிலர் நெற்றியில் கும்பினி
ஊசியால் குத்தி எழுதியிருந்தது,
குற்றம் இன்னதென்று,
ஓடினால் பிடிப்பவன் படிக்க.
முண்டாசைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு
காடு வெட்டினார்கள், சதுப்பு தூர்த்தார்கள்,
தங்களைப் பூட்டும் சிறையைத் தாங்களே கட்டினார்கள்.
வெள்ளையாய் ஒரு மாதா கோயிலும் கட்டினார்கள்.
அதன்முன் இன்று கல்யாண ஜோடிகள் படமெடுக்கிறார்கள்.

ஆற்றின் வாயில் ஒரு பாறை இருந்ததாம்,
ஐம்பது வரி, இன்றுவரை பிடிபடாத எழுத்து.
கும்பினிக்காரன்தான் அதற்கும் வெடி வைத்தான்,
ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்துமூன்றில்.
சில்லு ஒன்று கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
படிக்கத் தெரியாததைத் தகர்த்தவனுக்கு
நெற்றி கிடைத்தால் எழுதத் தெரிந்திருக்கிறது.

பதிவேட்டு நகலில் ஒருவன் இருக்கிறான்.
ஒச்சு என்ற பெயரைக் குமாஸ்தா
காதில் விழுந்த மாதிரி எழுதி, மேலே மை சிந்தி,
மதுரை ஜில்லா, கூட்டுக்கொள்ளை, ஆயுள்.
இந்தக் கல் அவன் தூக்கியது என்று சொல்ல
என்னிடம் ஆதாரம் இல்லை.
இருந்தும் மதியம் முழுக்க மனதுக்குள்
ஒச்சு என்றே கூப்பிட்டேன், கல்லை.

மண்ணள்ளும் எந்திரத்தை நிறுத்திவிட்டு
வீரமலை தண்ணீர் குடிக்க வந்தான்.
ஹெல்மெட்டில், நெற்றிக்கு நேரே,
கம்பெனி பெயர், அவன் நம்பர்.
"பெர்மிட் புதுப்பிக்கலையாம்க்கா. முப்பதாம் தேதி ஃபிளைட்.
ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கின கடன்
பாதி அப்படியே நிக்குது.
என்ன பண்றது, தலையெழுத்து."
துலக்கிக்கொண்டிருந்த கை நின்றது.
நூறு தடவை நானும் சொன்ன சொல்தான்,
பால் பொங்கி வழிந்ததற்கு, பஸ் தவறியதற்கு.

"இதுல கை வை" என்றேன்.
அவன் விரல் தடிமன், பாதிதான் இறங்கியது.
"யாருதுக்கா?"
"தெரியல."
"தமிழாளா?"
"இருக்கலாம்."
கொஞ்ச நேரம் எடுக்காமலே வைத்திருந்தான்.

எலும்பு ஏதும் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும்
பச்சை தோலோடு போயிருக்கும்.
எந்த விளக்கில் மண்டையோட்டைத் திருப்பினாலும்
கும்பினி எழுதியதில் ஓர் எழுத்து தேறாது.

நான்கு மணிக்கு மழை பிடித்தது.
தார்ப்பாய் இழுப்பதற்குள் மேசை முழுக்க நனைந்துவிட்டது.
மூன்று குழியிலும் தண்ணீர்.

படிவத்தில் நிரப்பினேன்.
பொருள்: செங்கல். காலம்: பத்தொன்பதாம் நூற்றாண்டு.
நிலை: முழுமை.
குறிப்பு என்ற கட்டம்
முப்பது எழுத்துக்கு மேல் வாங்காது.
கைதி என்று அடித்தேன். அழித்தேன்.
மூன்று விரல், சுண்டு விரல் இல்லை.
அதற்குப் பிறகும் இடம் மிச்சமிருந்தது.

மாதிரி எண் நான்கு என்று சீட்டு ஒட்டினேன்.
ஹுவேய் ஷான் எண்ணிப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
மற்றவற்றுக்கு லாரி வந்து
பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.